புதிய நந்தனை எழுதிய கடலூர்க்காரர்

நந்தன் கதையை நம் மாவட்டத்தில் தெரியாதவர் இல்லை. ஆதனூரில் பண்ணை வேலை, தில்லையைப் பார்க்கும் ஆசை, கடைசியில் தீ. அந்தத் தீயை அருள் என்று சொல்லித்தான் நமக்குக் காலங்காலமாகக் கற்றுக்கொடுத்தார்கள். 1934-லேயே அந்தக் கதையைத் திருப்பிப் போட்டு எழுதியவர் புதுமைப்பித்தன். அவர் பிறந்த ஊர் கடலூர் திருப்பாதிரிப்புலியூர் என்பது நம் மாணவர்கள் பலருக்குத் தெரியாது.

இயற்பெயர் விருத்தாசலம். 1906 ஏப்ரல் 25-ல் பிறந்தார். தந்தை அரசு அதிகாரி. சைவ வேளாளக் குடும்பம். தந்தையின் வேலையை ஒட்டி செஞ்சி, கள்ளக்குறிச்சி, திண்டிவனம் என்று சிறுவயது போனது. தந்தை ஓய்வுபெற்றதும் குடும்பம் சொந்த ஊரான திருநெல்வேலிக்குத் திரும்பியது. அங்கே பி.ஏ. முடித்தார். அரசு வேலைக்குப் போகவில்லை. எழுதிப் பிழைப்பது என்று சென்னைக்கு வந்தார்.

அந்தப் பிழைப்பு லேசானதல்ல. மணிக்கொடியில் பெயர் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. ஊழியனில் கொஞ்ச நாள், பிறகு தினமணியில் சில ஆண்டுகள், அதைவிட்டு தினசரி. நடுவில் உலகக் கதைகளை மொழிபெயர்த்தார், வேறு பெயர்களில் கவிதையும் மதிப்புரையும் எழுதினார், முசோலினி, இட்லர் பற்றிப் புத்தகம் போட்டார். கடைசியில் சினிமா. ஜெமினியின் அவ்வையார் படத்துக்கு எழுதினார். அது வெளிவந்தது அவர் இறந்த பிறகு, 1953-ல். சொந்தமாகப் படம் எடுக்கக் கம்பெனி தொடங்கியதும் கைகூடவில்லை.

பிழைப்புக்காக எழுதியவற்றை விடுவோம். நமக்கு வேண்டியது மணிக்கொடியில் வந்த 'புதிய நந்தன்'. அதே ஆதனூர்தான், ஆனால் ரயில் ஓடும் காலத்து ஆதனூர். சேரியில் கருப்பன் என்ற கிழவர், கண் தெரியாதவர். அவர் மகன் பாதிரியாரிடம் படிக்கிறான். மதம் மாறியும் பாதிரியார் வீட்டில் பெண் கேட்கும்போது சாதி குறுக்கே வருகிறது. அவன் சுயமரியாதைக்காரனாகிறான். அக்கிரகாரத்துப் பையன் காந்தியின் தொண்டனாகிறான். காந்தி வரும் நாளில் தண்டவாளத்தில் சிக்கிய கிழவரைக் காப்பாற்ற இருவரும் ஓடுகிறார்கள். மூவரும் ரயிலில் அடிபட்டுச் சாகிறார்கள். இங்கே எவரும் சோதியில் கலக்கவில்லை.

அடுத்த ஆண்டு, 1935-ல், பழைய நந்தனார் கதை கே.பி. சுந்தராம்பாள் நடிக்கப் படமாக வந்தது. அவருக்குச் சம்பளம் ஒரு லட்சம் ரூபாய் என்று அன்று ஊரே பேசியது. புதிய நந்தனை எழுதியவரோ மாத வாடகைக்குத் திண்டாடியவர். எந்த நந்தனுக்குச் சந்தை இருந்தது என்பது இதிலேயே விளங்கும். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-ல் நந்தனார் பெயரில் கல்விக் கழகம் தொடங்கி நம் பிள்ளைகளைப் படிக்கவைத்துக்கொண்டிருந்த காலமும் அதுதான்.

'துன்பக்கேணி'யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பலேற்றப்பட்ட மருதி என்ற நம் பெண்ணின் கதையைச் சொன்னார். தலித் மக்களை இழிவாகக் காட்டுகிறது என்ற புகாரில் அந்தக் கதை சில ஆண்டுகளுக்கு முன் சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திலிருந்து எடுக்கப்பட்டது. கங்காணியும் துரையும் மருதிக்குச் செய்ததைப் படிப்பது கசக்கத்தான் செய்யும். சேரியைப் பார்க்கும் அவர் கண்ணில் அவர் பிறந்த சாதியின் கேலி ஒட்டியிருக்கும் இடங்களும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் கதையை எடுத்தது தவறு என்றே நாம் நினைக்கிறோம். அந்தக் கசப்பை வகுப்பில் வைத்துப் பேசியிருக்கலாம்.

பாகவதரின் ராஜமுக்தி படத்துக்கு எழுத பூனாவுக்குப் போனவர், காசநோயோடு திரும்பினார். 1948 ஜூன் 30-ல் திருவனந்தபுரத்தில் இறந்தபோது வயது 42. அவர் எழுத்துகளை 2002-ல் தமிழக அரசு நாட்டுடைமையாக்கியது. இப்போது யாரும் அவற்றை அச்சிடலாம். 'புதிய நந்தன்' சில பக்கம்தான். பள்ளி ஆண்டுவிழாவில் நாடகமாகப் போட முடியும்.