கல்லான நத்தைகளுக்குப் பெயரிட்டவர்

சேலம், நாமக்கல் சமவெளியின் பாறைகள் மிகத் தொன்மையானவை. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், நிலத்தின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான அவற்றில் உயிரின் சுவடு காணப்படுவதில்லை. அங்கிருந்து கொல்லிமலையையும் பச்சைமலையையும் கடந்து கிழக்கே சென்றால் நிலத்தின் இயல்பு மாறுகிறது. பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களின் ஓடைக்கரைகளிலும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் கல்லாக மாறிய நத்தைகளும் சிப்பிகளும் கிடைக்கின்றன. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், கிரெட்டேசியஸ் காலத்தில், அங்குக் கடல் இருந்தது என்பதற்கு அவையே சான்றுகள். அச்சான்றுகளை ஆராய்ந்து, பெயரிட்டு, உலக அறிவியலில் இடம்பெறச் செய்த பெருமைக்குரியவர் ஃபெர்டினாண்ட் ஸ்டொலிச்கா.

இளமையும் கல்வியும்

ஸ்டொலிச்கா 1838ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள், இன்றைய செக் நாட்டின் மொராவியாப் பகுதியில் பிறந்தார். வியன்னாவில் எட்வர்டு சூஸ் முதலிய நிலவியல் அறிஞர்களிடம் பயின்றார். ஆல்ப்ஸ் மலையின் ஹியர்லாட்ஸ் பகுதியிலுள்ள ஜுராசிக் காலச் சுண்ணாம்புக்கல்லில் கிடைத்த கடல்நத்தைகளையும் சிப்பிகளையும் ஆராய்ந்து, 1861ஆம் ஆண்டு கட்டுரை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 23. நத்தை ஓட்டைக் கொண்டு பாறையின் வரலாற்றைப் படிக்கும் பயிற்சி அவருக்கு அங்கே வாய்த்தது.

இந்திய வருகை

அக்காலத்தில் தாமஸ் ஓல்டாம் தலைமையிலான இந்திய நிலவியல் ஆய்வுத் துறை, தென்னிந்தியப் பாறைகளை ஆராய்ந்து வந்தது. வில்லியம் கிங், இராபர்ட் புரூஸ் ஃபூட் ஆகியோர் சேலம் பகுதியை ஆய்ந்தனர். ஹென்றி பிளான்ஃபோர்டு திருச்சிராப்பள்ளி, தென்னார்க்காடு மாவட்டங்களின் கடற்பாறைகளை ஆய்ந்து, அவற்றை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பகுத்தார். அங்குத் திரட்டப்பட்ட புதைபடிவங்கள் கல்கத்தாவைச் சென்றடைந்தன. அவற்றை ஆராயும் பெரும்பணி, 1862ஆம் ஆண்டு அத்துறையில் சேர்ந்த ஸ்டொலிச்காவிடம் வந்தது.

பெயரிடும் பொறுப்பு

கல்லாகிய நத்தையில் உடல் இல்லை. பெரும்பாலும் நிறமும் இல்லை. எஞ்சியிருப்பது வடிவம் மட்டுமே. சுருள்களின் எண்ணிக்கை, கூம்பின் உயரம், வாயின் அமைப்பு, மேற்பரப்பிலுள்ள வரிகள், முடிச்சுகள் ஆகியவற்றைக் கொண்டே இனத்தை அறிதல் வேண்டும். இவற்றிலும் ஏமாற்றம் உண்டு. இளம் நத்தையின் ஓடு முதிர்ந்ததன் ஓட்டிலிருந்து வேறுபடலாம். தேய்ந்த ஓட்டில் முடிச்சுகள் மறைந்திருக்கலாம். பாறையின் சுமையால் வடிவமே நசுங்கியிருக்கலாம். எனவே ஒரே வகையின் பல ஓடுகளை ஒப்பிட வேண்டும். முன்பே பெயர் பெற்ற இனங்களுள் எதனோடும் பொருந்தாதபோதுதான் புதிய இனம் என்று கூற இயலும். தென்னிந்தியப் படிவங்கள் சிலவற்றை எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846ஆம் ஆண்டிலேயே விளக்கியிருந்தார். அவற்றையும் ஐரோப்பியப் படிவங்களையும் ஒப்பிட்டறிதல் ஸ்டொலிச்காவின் கடமையாயிற்று.

அவசரப்பட்டுப் பெயரிட்டால் ஓருயிர்க்கு இரு பெயர்கள் அமையும். அதனால் விளையும் தவறு பெயரோடு நிற்பதில்லை. எந்தப் பாறை எந்தக் காலத்தது என்பதைப் புதைபடிவங்களே அறிவிக்கின்றன. நத்தையைத் தவறாக அறிந்தால் பாறையின் காலமும் தவறாகும்.

இறந்த ஓட்டை அறிய உயிருள்ள நத்தையையும் அறிய வேண்டும் என்பதில் ஸ்டொலிச்கா உறுதியாக இருந்தார். பர்மாவின் மோல்மீன், மலாயாவின் பினாங்கு முதலிய இடங்களின் நத்தைகளையும் ஆராய்ந்து எழுதினார். தென்னிந்தியக் கிரெட்டேசியஸ் கால உயிரினங்கள் பற்றிய நூல் நான்கு தொகுதிகளாக வளர்ந்தது. அதன் பெரும்பகுதி அவர் எழுதியது. கடல்நத்தைகள் பற்றிய தொகுதி 1867, 1868ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. இறுதித் தொகுதி 1873ஆம் ஆண்டு நிறைவுற்றது.

இறுதிப் பயணம்

1864, 1865ஆம் ஆண்டுகளிலேயே இமயமலையில் கடினமான ஆய்வுகளை மேற்கொண்டவர் ஸ்டொலிச்கா. நான்காம் தொகுதி நிறைவுற்ற அதே 1873ஆம் ஆண்டில், ஃபோர்சித் தலைமையில் யார்க்கண்டு சென்ற தூதுக்குழுவில் இயற்கை ஆய்வாளராக இடம்பெற்றார். திரும்பும் வழியில் காரகோரம் கணவாயைக் கடந்தபின் உயர்மலை நோய் அவரைத் தாக்கியது. நோயுற்ற நிலையிலும் பாறைகளை ஆராய்வதை அவர் நிறுத்தவில்லை. 1874ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள், லடாக்கின் முர்கோ என்னுமிடத்தில், தம் 36ஆம் வயதில் உயிர்நீத்தார். லே நகரில் அவருடைய கல்லறை உள்ளது.

நிலைத்த பணி

ஸ்டொலிச்கா இட்ட பெயர்களுள் சிலவற்றைப் பின்வந்த அறிஞர்கள் திருத்தியுள்ளனர். ஆயினும் திருத்துவோரும் அவர் தந்த விளக்கங்களிலிருந்தும் படங்களிலிருந்துமே தொடங்க வேண்டியுள்ளது. அம்மோனைட்டு என்னும் அழிந்துபோன கடலுயிரின் ஒரு பேரினம் ஸ்டொலிச்கையா என அவர் பெயர் தாங்கி நிற்கிறது. அதன் படிவங்கள் ஊட்டத்தூர்த் தொகுதிப் பாறைகளிலும் கிடைக்கின்றன. பிற கல்நத்தைகளுக்குப் பெயர் தேடியவரின் பெயர், தமிழ்நாட்டுக் கல்லிலேயே நிலைபெற்றுவிட்டது.