சர் ஹாரி ரிக்கார்டோ

மோட்டார் வண்டியின் வெளியழகை வியப்பார் பலர். எஞ்சினின் தலையாகிய இரும்பு மூடியினுள் நிகழ்வதை எண்ணிப் பார்ப்பார் மிகச் சிலரே. அம்மூடியின் உட்புற வடிவைத் திருத்தி, மலிவான எஞ்சினுக்குப் புதுவலிவு அளித்த பெரியார் ஒருவரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

ஹாரி ரிக்கார்டோ 1885-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் லண்டன் மாநகரிற் பிறந்தார். தந்தையார் ஹால்ஸி ரிக்கார்டோ கட்டடச் சிற்பி. தாய்வழிப் பாட்டனாராகிய அலெக்ஸாண்டர் ரெண்டல், இந்திய இருப்புப்பாதைகளுக்கு ஆலோசகராய் விளங்கிய பொறியியலறிஞர். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் மாணவராயிருந்தபோது, கால் காலன் பெட்ரோலில் அதிக தூரம் ஓட்டும் போட்டியொன்றிற் கலந்து, தாமே அமைத்த மோட்டார் சைக்கிளை 40 மைல் ஓட்டி வெற்றி பெற்றார். அதன்பின் பேராசிரியர் பெர்ட்ரம் ஹாப்கின்ஸன் அவரை எஞ்சின் ஆராய்ச்சியில் ஈடுபடுத்தினார்.

முதல் உலகப் போரில், டாங்கிகளின் எஞ்சின் கக்கிய புகை அவை நிற்குமிடத்தைப் பகைவர்க்குக் காட்டிக்கொடுத்தது. உள்ளிருந்த வீரர்க்கு அது உயிர்ப்பிரச்சினை. ரிக்கார்டோ 150 குதிரைத்திறனுள்ள புதிய எஞ்சினை அமைத்து அக்குறையை நீக்கினார். அது பொருத்திய மார்க் 5 டாங்கிகள் 1918-இற் போர்முனை சென்றன.

போர் ஓய்ந்ததும், ஷோரம் என்னும் கடலோர ஊரிலே தம் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். அக்காலத்து மலிவான எஞ்சின்களில் கலவை புகும் வழியும் வால்வுகளும் சிலிண்டரின் பக்கத்தே அமைந்திருந்தன. பெட்ரோல்-காற்றுக் கலவை அவ்வழியே மேலெழுந்து, வால்வைக் கடந்து, மூடியின்கீழ்த் திரும்பிய பின்னரே சிலிண்டருள் இறங்கும். புகும் வேகத்தால் எழுந்த சுழற்சியோ, பிஸ்டன் மேலேறிக் கலவையை அழுத்தி முடிப்பதற்குள் பெரிதும் அடங்கிவிடும். எரியறை தட்டையாய் அகன்றிருந்தமையால், மின்பொறியால் எழுந்த சுவாலை மறுகோடியை மெல்லவே அடைந்தது. அதற்குள் அங்கு எஞ்சிய கலவை, வெம்மையாலும் அழுத்தத்தாலும் தானே ஒருங்கு தீப்பற்றிச் சம்மட்டி அடித்தாற்போல் ஒலிக்கும். இதனைத் தட்டல் என்பர். அழுத்தத்தை மிகுத்தால் தட்டல் மிகும். குறைத்தாலோ பெட்ரோல் வீணாகும்.

இவ்விக்கட்டினின்று நீங்க ரிக்கார்டோ கண்ட வழி எளியது. எரியறையை வால்வுகளின் மேலே ஒதுக்கி, எஞ்சிய பகுதியில் மூடியைப் பிஸ்டனுக்கு மிக அணுகுமாறு தாழ்த்தினார். பிஸ்டன் மேலே வந்தவுடன் அவ்விடுக்கிலுள்ள கலவை பிதுக்கப்பட்டு எரியறையுட் பாய்ந்து, அடங்கிய சுழற்சியை மீண்டும் எழுப்பும். சுவாலை விரைந்து பரவும். இடுக்கில் தங்கிய சிறிதளவு கலவையும் இருபுறத்து உலோகத்தாற் குளிர்வதால் தானே பற்றுவதில்லை. இவ்வாறு, பக்க வால்வு எஞ்சின் விலைமிகுந்த மேல் வால்வு எஞ்சினுக்கு ஏறக்குறைய நிகராய் உழைக்கலாயிற்று. புதிய பொறிகளை வாங்காமல், மூடியின் வார்ப்பை மட்டும் மாற்றியே இப்பயனைத் தொழிற்சாலைகள் பெற்றன.

ஓடும்போதே அழுத்தத்தை மாற்றத்தக்க சோதனை எஞ்சினொன்றையும் அவர் அமைத்து, எவ்வெண்ணெய் எவ்வளவு அழுத்தத்தைத் தட்டலின்றித் தாங்குமென அளந்தார். 1929-இல் ராயல் சங்கத்தின் உறுப்பினரானார். 1948-இற் சர் பட்டம் பெற்றார். 1974-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள் தமது 89-ஆம் வயதிற் காலமானார்.

பிற்காலத்து மோட்டார் வண்டிகளில் வால்வுகளும் புகுவழியும் தலைக்கே ஏறிவிட்டமையால், பக்க வால்வு எஞ்சின் வழக்கொழிந்தது. எனினும், இடுக்கினின்று கலவையைப் பிதுக்கிச் சுழற்சி எழுப்பும் முறை இன்றும் பல எஞ்சின்களில் வாழ்கின்றது. கண்ணுக்குப் புலப்படாத சிற்றறையின் நிகழ்ச்சியைப் பொறுமையுடன் ஆராய்ந்து, பெருஞ்செலவின்றிப் பெரும்பயன் விளைத்த இப்பெரியாரின் வாழ்க்கை, பொருட்குறையைக் காரணங்காட்டி ஆராய்ச்சியைக் கைவிடலாகாதென்பதை நமக்கு நன்கு உணர்த்துகின்றது.