கே. டானியல்: சட்டம் காணாத வாழ்வை எழுதியவர்

ஈழத் தலித் இலக்கியத்தின் முன்னோடியான கே. டானியல் 1986 மார்ச் மாதம் தஞ்சாவூரில் காலமானார். மருத்துவத்துக்காகத் தமிழ்நாடு வந்தவர், போர் சூழ்ந்த யாழ்ப்பாணத்துக்குத் திரும்பவில்லை. தோழர்கள் அவரைத் தஞ்சையிலேயே அடக்கம் செய்தனர். தமிழ்நாட்டில் தலித் இலக்கியம் என்னும் பெயர் பரவலாவதற்கு முன்பே அதன் பெரும்பணியை அவர் செய்து முடித்திருந்தார்.

யாழ்ப்பாணச் சமூகம் வண்ணார், அம்பட்டர், பள்ளர், நளவர், பறையர் ஆகியோரைப் பஞ்சமர் என ஒதுக்கியது. கோயிலும் தேநீர்க் கடையும் பொதுக்கிணறும் அவர்களுக்கு மறுக்கப்பட்டன. ஆனைக்கோட்டையில் அத்தகைய குடும்பம் ஒன்றில் பிறந்த டானியல், இளமையிலேயே பொதுவுடைமை இயக்கத்தில் இணைந்தார். டொமினிக் ஜீவாவைப் போல முற்போக்கு எழுத்தாளர் அணியில் நின்று சிறுகதைகள் எழுதினார்.

தீண்டாமையைக் குற்றமாக்கும் சட்டம் இலங்கையில் 1957இலேயே வந்துவிட்டது. ஆயினும் பல ஆண்டுகள் அது ஏட்டளவிலேயே கிடந்தது. 1966 அக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமே அதற்கு உயிரூட்டியது. அதன் தொடர்ச்சியாகத் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் எழுந்தது. தேநீர்க் கடைகளிலும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலும் மக்கள் உரிமை கோரி நின்றனர். இவ்வியக்கத்தின் முன்னணியாளர்களுள் ஒருவர் டானியல். 1971 கிளர்ச்சியை அடுத்து அரசு அவரைச் சிறையில் அடைத்தது.

இப்போராட்ட அனுபவமே 1972இல் ‘பஞ்சமர்’ நாவலாக வெளிவந்தது. பின்னர் ‘கோவிந்தன்’, ‘அடிமைகள்’, ‘கானல்’, ‘தண்ணீர்’ ஆகிய நாவல்களில் ஒடுக்கப்பட்டோரின் வாழ்வை அவர்களது பேச்சுமொழியிலேயே பதிவு செய்தார். தேசிய விடுதலை வரட்டும், சாதியைப் பிறகு பார்க்கலாம் என்ற வாதத்தை அவர் ஏற்கவில்லை. அதனால் சொந்த மண்ணிலும் அவருக்கு எதிர்ப்பு குறையவில்லை.

அந்நாவல்களுள் ‘கானல்’ நமக்கு மிக நெருக்கமானது. சாதியிலிருந்து தப்ப மதம் மாறியவர்களைச் சாதி அங்கும் பின்தொடர்ந்த கதை அது. நமது நாட்டிலோ, 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை கிறித்தவத் தலித்துகளை இன்றும் விலக்கியே வைத்துள்ளது. மதம் மாறினால் சாதி மறைந்துவிடும் என்று அவ்வாணை கருதுகிறது. மறையாது என்பதை டானியல் காட்டினார்.

கும்மிடிப்பூண்டியின் தொழிற்சாலைகளுக்கு அருகே, போரிலிருந்து தப்பிவந்த ஈழத் தமிழரின் முகாம் உள்ளது. 2021இல் தமிழ்நாடு அரசு இத்தகைய முகாம்களை மறுவாழ்வு முகாம்கள் எனப் பெயர் மாற்றியது. ஆனால் 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் ஈழத் தமிழரைச் சேர்க்கவில்லை. குடியுரிமை இல்லாத தலித் அகதிக்கு இட ஒதுக்கீட்டின் கதவும் திறப்பதில்லை. அங்கே வளரும் மாணவர்களுக்காக நாம் இரண்டு கோரிக்கைகளை எழுப்ப வேண்டும்: ஈழத் தமிழருக்குக் குடியுரிமை, அவர்களுள் தலித்துகளுக்குச் சமூகநீதி. முதலாவது கிடைத்த பிறகே இரண்டாவதைப் பேசலாம் என்பதை, டானியலைப் போலவே, நாமும் ஏற்க இயலாது.