எட்டு ஆண்டுக் காத்திருப்பு

மேற்படிப்புக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டு, முடிவு எப்போது வருமோ என்று ஏங்கும் காலம் இது. நம் விடுதியில் பலருக்கு உறக்கமில்லை, எனக்கும்தான். இந்நாட்களில் என் மனம் அடிக்கடி கியூரி அம்மையாரின் வாழ்க்கையை நாடுகிறது. ரேடியத்தைக் கண்டவர் என்று அவரை எல்லாரும் அறிவோம். அதற்கு முன் அவர் காத்திருந்த கதையைச் சிலரே அறிவர்.

1867-ஆம் ஆண்டு வார்சா நகரில் பிறந்தவர் மரியா ஸ்க்லொடொவ்ஸ்கா. போலந்தின் அப்பகுதி அன்று ருஷ்ய ஆட்சியில் இருந்தது. தந்தையார் பள்ளி ஆசிரியர். பத்து வயதில் மரியா தாயை இழந்தார். 1883-இல் பள்ளிப் படிப்பைத் தங்கப் பதக்கத்துடன் முடித்தபோது அவருக்கு வயது பதினைந்து. ஆயினும் வார்சாப் பல்கலைக்கழகம் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பாரிஸுக்குச் செல்லலாம் என்றாலோ கையில் பணமில்லை.

அக்காள் பிரோனியாவுக்கும் அதே நிலைதான். ஆகவே சகோதரிகள் இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டனர். மரியா சம்பாதித்து அக்காளைப் பாரிஸில் மருத்துவம் படிக்க வைப்பது. பின்னர் அக்காள் தங்கைக்கு உதவுவது. அதன்படி 1886-இல் மரியா தொலைவிலுள்ள ஒரு கிராமத்தில், செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியையானார். வேலை நேரம் போக, ஊர்க் குடியானவர்களின் குழந்தைகளுக்குத் தாய்மொழி எழுத்துகளைக் கற்பித்தார். அது அதிகாரிகளுக்குத் தெரிந்தால் தண்டனை உண்டு. இரவில் தாமே நூல்களைப் படித்தார்; கணக்குகளில் எழுந்த ஐயங்களைக் கடிதம் வழியாகத் தந்தையாரிடம் தீர்த்துக்கொண்டார். முதலில் இலக்கியம், சமூகவியல் ஆகியவற்றிலும் அவருக்கு நாட்டம் இருந்தது. கணிதமும் பௌதிகமுமே தம் துறை என்று அவர் தெளிந்தது இந்த ஆண்டுகளில்தான்.

அவ்வீட்டு மூத்த மகனும் மரியாவும் ஒருவரையொருவர் விரும்பினர். ஏழைப் பெண் என்று பெற்றோர் மறுத்துவிட்டனர். அக்காளின் படிப்புக்குப் பணம் வேண்டுமே! மனம் நொந்தும் அதே வீட்டில் வேலையைத் தொடர்ந்தார். 1890-இல் அக்காள் பாரிஸுக்கு அழைத்தபோது, இனி நமக்கேது படிப்பு என்று அவரே தயங்கினார். வார்சாவில் உறவினர் ஒருவரின் பொறுப்பிலிருந்த சிறிய ஆய்வுக்கூடத்தில் மாலையிலும் ஞாயிறுகளிலும் சோதனைகள் செய்து பார்த்தபின்தான் பழைய ஊக்கம் திரும்பியது. 1891-இல் பாரிஸ் சேர்ந்தார்.

1893-இல் பௌதிகப் பட்டத் தேர்வில் முதலிடம். 1894-இல் கணிதத்தில் இரண்டாமிடம். அப்போதும் தாயகத்தில் கிராக்கோ பல்கலைக்கழகம் பெண் என்பதற்காக இடம் மறுத்தது. பாரிஸுக்குத் திரும்பி 1895-இல் பியேர் கியூரியை மணந்தார். 1898-இல் இருவரும் பொலோனியத்தையும் ரேடியத்தையும் கண்டனர். 1903-இல் பௌதிகத்திலும் 1911-இல் இரசாயனத்திலும் நோபெல் பரிசு அவரைத் தேடி வந்தது.

எனக்கு இப்போது வயது இருபத்து மூன்று. அந்த வயதை எட்டியபோது மரியா பாரிஸ் பல்கலைக்கழகத்தில் இன்னும் சேர்ந்திருக்கவில்லை. காத்திருப்பவர் எல்லாரும் கியூரி ஆகிவிடுவதில்லை என்பதை நான் அறிவேன். ஆயினும், பட்டியலில் பெயர் இல்லாத ஆண்டுகளில்தான் அவர் தம்மை ஆயத்தம் செய்துகொண்டார். சேர்க்கை முடிவு யார் கையிலோ இருக்கிறது. பதினைந்து நாட்களாக மூடிக் கிடக்கும் என் புத்தகத்தை இன்றிரவு திறக்கப்போகிறேன். நண்பர்களும் திறப்பார்களாக!