கபோய்ரா கத்துக்கப் போறீங்களா? முதல் பாடத்தை வகுத்த மெஸ்ட்ரி பிம்பா யார்?

கபோய்ரா வகுப்புக்கு முதல் நாள் போறவங்க எல்லாருக்கும் ஒரே வேலைதான். ஒரு காலைப் பின்னால் வைத்து, அப்படியே அடுத்த காலுக்கு மாறி, இடமும் வலமுமாக அசைந்துகொண்டே இருக்கணும். இதற்குப் பெயர் ‘ஜிங்கா’. அதன்பிறகுதான் உதை, விலகல், கையை ஊன்றிச் சக்கரமாகச் சுழல்வது எல்லாம் படிப்படியாக வரும்.

பார்க்க நடனம் மாதிரி இருக்கும் இந்த பிரேசில் தற்காப்புக் கலைக்கு ஒரு காலத்தில் இப்படி வகுப்பும் கிடையாது, பாடமும் கிடையாது. அதைக் கொண்டுவந்தவர் மெஸ்ட்ரி பிம்பா.

யார் இவர்?

இயற்பெயர் மானுவெல் டோஸ் ரெய்ஸ் மச்சாடோ. 19-ம் நூற்றாண்டின் இறுதியில், பஹியா மாநிலத்தின் சால்வடார் நகரில் பிறந்தார். அப்பா ‘பட்டூக்கே’ என்ற காலால் இடறி வீழ்த்தும் விளையாட்டில் பெயர் பெற்றவர். 12 வயதில், பென்டின்யோ என்ற ஆப்பிரிக்கரிடம் பிம்பா கபோய்ரா கற்க ஆரம்பித்தார். துறைமுகத்தில் சுமை தூக்குவது, தச்சு வேலை எனக் கிடைத்த வேலையைச் செய்துதான் பிழைத்தார்.

‘மெஸ்ட்ரி’ என்றால் ஆசான். நம்மூர் ‘மேஸ்திரி’யும் இதே போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

கபோய்ரா ஆடினால் ஜெயில்... ஏன்?

ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களிடம் வளர்ந்த கலை இது. பிரேசிலில் அடிமை முறை ஒழிந்தது 1888-ல். இரண்டே வருடத்தில், 1890-ல் வந்த தண்டனைச் சட்டம் தெருவில் கபோய்ரா ஆடுவதைக் குற்றமாக்கியது. தண்டனை 2 முதல் 6 மாதம் சிறை. விடுதலையான கறுப்பின மக்கள் தெருவில் கூடுவதையே அரசு சந்தேகத்தோடு பார்த்த காலம் அது.

பிம்பா என்ன மாற்றினார்?

அதுவரை கபோய்ரா என்றால், தெருவோரம் ஆடுறவங்களைப் பார்த்துப் பார்த்தே பழகிக்கொள்வதுதான். பிம்பா பட்டூக்கே அடிகளையும் சேர்த்து, சண்டைக்கு உதவும் வேகமான ஒரு பாணியை உருவாக்கினார். அதுதான் ‘கபோய்ரா ரெஜியோனல்’.

புதுசா வருபவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, தானே ஜிங்கா சொல்லிக்கொடுப்பார். அடுத்து, இருவராகச் சேர்ந்து பயிலும் 8 பயிற்சித் தொடர்கள். ஒருவர் தாக்க, மற்றவர் விலகி எதிர்த்தாக்குதல் செய்யணும். இவை கைவந்த பிறகு, பெரிம்பாவ் என்ற ஒற்றைக்கம்பி வில் இசைக்கு முதல்முறையாக வட்டத்தில் இறங்கி ஆடும் நாளுக்கு ‘பட்டிசாடோ’, அதாவது ஞானஸ்நானம் என்று பெயர். தேறியவர்களுக்குப் பட்டுக் கழுத்துத்துணி. படிக்கிறோம் அல்லது வேலை பார்க்கிறோம் என்று காட்டினால்தான் சேர்க்கை. புகை, மது கூடாது.

சும்மா சுற்றுபவர்களின் சண்டை என்ற கெட்ட பெயரை உடைக்கத்தான் இத்தனை கறார்.

அரசு ஏற்றுக்கொண்டது எப்படி?

1936-ல் சால்வடாரில் மற்ற சண்டைக்கலை வீரர்களுக்குப் பகிரங்கமாகச் சவால் விட்டு, மேடையில் வென்றார். மருத்துவ மாணவர்கள் உட்படப் படித்த வீட்டுப் பிள்ளைகள் அவரிடம் வரத் தொடங்கினர். 1937-ல் அவரது பள்ளிக்கு மாநில அரசின் அங்கீகாரம் கிடைத்தது. சட்டப் புத்தகத்தில் கபோய்ரா இன்னும் குற்றமாக இருக்கும்போதே கிடைத்த அங்கீகாரம் இது! 1953-ல் அதிபர் ஜெட்டூலியோ வர்காஸ் முன்னிலையிலேயே பிம்பா தன் மாணவர்களோடு ஆடிக்காட்டினார்.

விமர்சனம் இல்லையா?

இருந்தது, இன்றும் இருக்கிறது. ஏழைக் கறுப்பின மக்களின் தெருக்கலையை வசதியானவர்களுக்கு ஏற்ற விளையாட்டாக மாற்றிவிட்டார் என்பது முக்கியமான குற்றச்சாட்டு. அதே சால்வடாரில் மெஸ்ட்ரி பஸ்தின்யா, பழைய மரபான ‘கபோய்ரா அங்கோலா’வைக் காப்பாற்றத் தனிப் பள்ளி நடத்தினார். இன்று நீங்கள் சேரும் வகுப்பும் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று, அல்லது இரண்டும் கலந்தது.

கடைசிக் காலம்

கலைக்கு மரியாதை கிடைத்தது, கலைஞருக்குச் சோறு கிடைக்கவில்லை. பஹியா அரசு ஆதரவு தரவில்லை என்ற வருத்தத்தில் 1973-ல் ஊரை விட்டு கோயானியா நகருக்குப் போனார். அங்கும் நிலைமை மாறவில்லை. 1974 பிப்ரவரி 5-ல் வறுமையிலேயே இறந்தார்.

பஹியா ஃபெடரல் பல்கலைக்கழகம் அவருக்கு கௌரவ டாக்டர் பட்டம் அறிவித்தது 1996-ல், இறந்து 22 வருடங்கள் கழித்து. 2014-ல் கபோய்ரா வட்டத்தை யுனெஸ்கோ மனிதகுலத்தின் கலாசார மரபாக அங்கீகரித்தது.