ஆசிரியரைப் பயில்வித்த அம்மையார்

சாம்பல்தீவுப் பாடசாலையொன்றில் ஆசிரிய மாணவியொருத்தி பாடம் நடத்துவதைப் பார்த்துப் புள்ளியிட ஒருமுறை சென்றிருந்தேன். அவளோ நெடுநேரம் வாய் திறவாது, மணலில் எழுத்தெழுதிப் பழகிய சிறுவனொருவனையே நோக்கியிருந்தாள். கற்பிக்கவில்லை என்றெண்ணிப் புள்ளியைக் குறைத்தேன். மரியா மொண்டிசோரி அம்மையாரின் வரலாற்றைப் பின்னர் படித்தபோதுதான், தவறியவன் நானே என்பது விளங்கிற்று.

1870ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள் இத்தாலியிற் பிறந்த அம்மையார், 1896இல் உரோமாபுரியில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1907இல் அந்நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைகள் குடியிருப்பில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். நோயாளியைப் பாராது மருந்து கொடுத்தல் தகாது. குழந்தையைப் பாராது பாடஞ் சொல்லுதலும் அத்தகையதே. அவர் கண்ட கல்வி முறையின் வேர் இதுவே எனலாம்.

1939இல் பிரமஞான சபையாரின் அழைப்பையேற்றுச் சென்னை அடையாற்றுக்கு வந்தார். ஏறத்தாழ 300 பேர் பயிற்சிக்குத் திரண்டனர். அவர் இத்தாலிய மொழியிற் பேச, மைந்தர் மாரியோ ஆங்கிலத்தில் எடுத்துரைத்தார். 1940இல் இத்தாலி போரில் இறங்கவே, மாரியோ காவலில் வைக்கப்பட்டார். அன்னையின் நடமாட்டமும் கட்டுப்படுத்தப்பட்டது. அன்னையின் எழுபதாவது பிறந்த நாளன்று மைந்தர் விடுதலையானார். அதன் பின்னும் பயிற்சி வகுப்புகள் தொடர்ந்தன. 1944இல் நம் இலங்கைக்கும் வந்து வகுப்பு நடத்தினார்.

அவரது முறையிற் பயில்வோர் விரிவுரையை மனனஞ் செய்து ஒப்பித்து ஆசிரியராகிவிட முடியாது. கருவிகளைத் தம் கையாற் பழகவேண்டும். பாடங்களைத் தாமே எழுதிப் படம் வரைந்து ஏடாக்க வேண்டும். குழந்தைகளை மணிக்கணக்காக அமைதியாய் நோக்கிக் குறிப்பெடுக்க வேண்டும்.

மதிப்பிடும் வகையும் புதுமையானது. பத்து மர உருளைகளை அவ்வவற்றின் குழியிற் பொருத்துங் குழந்தை ஒன்றை மாற்றி வைத்தால், இறுதியில் ஓர் உருளை பொருந்தாது நிற்கும். அங்கே பிழையைச் சுட்டுவது ஆசிரியரின் சிவப்பு மையன்று, மரத்துண்டே. சொல்லிக்கொடுத்த பொருளைக் காட்டும்படி கேட்கும்போது குழந்தை தடுமாறினால், கடிந்து திருத்தாது பாடத்தை நிறுத்திப் பிறிதொரு நாள் தொடங்குவர். தவறியது குழந்தையன்று, வேளையே என்பது கருத்து. சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவச் செய்யும் அவர் முறை, மணலில் அரிச்சுவடி எழுதிய நமக்கு அந்நியமானதன்று.

1952 மே 6ஆம் நாள் ஒல்லாந்தில் அம்மையார் மறைந்தார்.

அன்று இட்ட புள்ளியை இனித் திருத்த இயலாது. எனினும், பின்வந்த ஆசிரிய மாணவரிடம் பாடக்குறிப்பைக் கேட்குமுன், ஒரு குழந்தையை ஒரு நாழிகை பார்த்து எழுதிவருமாறே கேட்டு வந்தேன்.