ஸ்பார்ட்டகஸ்

ஸ்பார்ட்டகஸ் (இறப்பு: கி.மு. 71) உரோமைக் குடியரசுக்கு எதிரான மூன்றாம் அடிமைப் போரின் தலைவர்களுள் முதன்மையானவர் ஆவார். கி.மு. 73 முதல் 71 வரை நிகழ்ந்த இக்கிளர்ச்சியைப் பற்றி அடிமைகள் எழுதிய பதிவு எதுவும் எஞ்சவில்லை. நாம் அறிவன பெரும்பாலும் புளூட்டார்க், அப்பியன் ஆகியோரின் நூல்களிலிருந்தே கிடைக்கின்றன. இருவரும் போர் முடிந்து ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னரே எழுதினர்.

தொடக்கம்

ஸ்பார்ட்டகஸ் திரேசியாவைச் சேர்ந்தவர். இது இன்றைய பல்கேரியாவையும் அதன் அண்டைப் பகுதிகளையும் உள்ளடக்கிய நிலம். முன்பு உரோமைப் படையில் பணியாற்றிய இவர், பின்னர் சிறைப்பட்டுக் கிளாடியேட்டராக விற்கப்பட்டார் என்கிறார் அப்பியன். காப்புவா நகரில் லெந்துலஸ் பத்தியாத்தஸ் என்பவரின் பயிற்சிக்கூடத்தில் இவர் அடைக்கப்பட்டிருந்தார். அங்கிருந்து ஏறத்தாழ 200 பேர் தப்பத் திட்டமிட்டனர், செய்தி கசிந்தது. எழுபதுக்கும் மேற்பட்டோர் சமையலறைக் கத்திகளையும் இறைச்சி சுடும் கம்பிகளையும் ஏந்தி வெளியேறினர். கிரிக்சஸ், ஓனமாவுஸ் ஆகியோரும் தலைவர்களாயினர்.

போர்

வெசூவியஸ் மலையில் தங்கியிருந்தவர்களைக் கிளாபரின் 3,000 பேர் கொண்ட படை முற்றுகையிட்டது. மலையிலிருந்து இறங்கும் ஒரே பாதையை மட்டும் காவல் காத்தால் போதும் என்று கிளாபர் எண்ணினார். கிளர்ச்சியாளர்களோ காட்டுத் திராட்சைக் கொடிகளால் ஏணி முறுக்கிச் செங்குத்துப் பாறை வழியே இறங்கி, பின்புறமாகத் தாக்கி வென்றனர். அதன்பின் பண்ணை அடிமைகளும் மேய்ப்பர்களும் திரளாக வந்து சேர்ந்தனர்.

கொள்ளைப் பொருளை ஸ்பார்ட்டகஸ் அனைவருக்கும் சமமாகப் பங்கிட்டார். வணிகர்கள் பொன்னும் வெள்ளியும் கொண்டுவரத் தடை விதித்து, இரும்பும் செம்பும் மட்டுமே வாங்கினார். இவரது வெற்றிகளை விட இச்செய்தியே இவரை நன்கு அறிமுகப்படுத்துகிறது எனலாம்.

கி.மு. 72இல் பிரிந்து சென்ற கிரிக்சஸ் கர்கானஸ் மலையருகே கொல்லப்பட்டார். ஸ்பார்ட்டகஸ் அவ்வாண்டின் இரு கான்சல்களையும் தோற்கடித்து, வடக்கே மூத்தினாவில் காசியசின் படையையும் முறியடித்தார். ஆல்ப்சு மலைக்கான வழி திறந்திருந்தது. ஆயினும் படை தெற்கே திரும்பியது. வெற்றிக் களிப்பில் படையினர் கொள்ளையடிக்கவே விரும்பினர் என்பது புளூட்டார்க்கின் விளக்கம். இது வென்றவர் தரப்பின் விளக்கம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

முடிவு

பொறுப்பேற்ற கிராசஸ், புறமுதுகிட்ட தம் வீரர்களில் பத்துப் பேருக்கு ஒருவரைக் கொன்று ஒழுங்கை நிலைநாட்டினார். சிசிலிக்கு ஏற்றிச் செல்வதாகக் கூறிய சிலிசியக் கடற்கொள்ளையர் பொருளைப் பெற்றுக்கொண்டு ஏமாற்றிச் சென்றனர். தீபகற்பத்தின் குறுக்கே கிராசஸ் வெட்டிய அகழியைப் பனி பெய்த இரவொன்றில் கிளர்ச்சியாளர்கள் கடந்தனர். இறுதிப் போரில் கிராசசை நோக்கி முன்னேறிய ஸ்பார்ட்டகஸ், இரு நூற்றுவர் தலைவர்களைக் கொன்று வீழ்ந்தார். உடல் கிடைக்கவில்லை.

சிறைபிடிக்கப்பட்ட 6,000 பேர் காப்புவாவிலிருந்து உரோம் வரை அப்பியச் சாலையோரம் சிலுவையில் அறையப்பட்டனர். ஏறத்தாழ 200 கி.மீ. நீளமுள்ள இவ்வழியில், சராசரியாக 33 மீட்டருக்கு ஒரு சிலுவை. தப்பியோடிய 5,000 பேரை வழியில் அழித்த பொம்பேயி, போரை முடித்த பெருமையைத் தமக்கே கோரினார். கி.மு. 70இல் கிராசசும் பொம்பேயியும் கான்சல்களாயினர்.